மெட்டல் பாடகர் எப்படித் திரைப்பட இயக்குநர் ஆகிறார்?

1992இல் அமெரிக்காவில் ஒரு பாடலைச் சுற்றிப் பெரும் புயல் கிளம்பியது. பாடி கவுன்ட் என்ற ஹெவி மெட்டல் குழுவின் முதல் ஆல்பத்தில் இருந்த அந்தப் பாடல், போலீஸ்காரரைக் கொல்லக் கிளம்பும் ஒருவனின் குரலில் எழுதப்பட்டது. போலீஸ் சங்கங்கள் கொதித்தெழுந்தன. ஆல்பத்தை வெளியிட்ட வார்னர் நிறுவனத்தைப் புறக்கணிக்கச் சொல்லிப் போராடின. அப்போதைய அதிபர் ஜார்ஜ் எச்.டபிள்யூ. புஷ்ஷும் கண்டித்துப் பேசினார். கடைசியில் குழுவின் பாடகர் ஐஸ்-டி தாமாகவே முன்வந்து அந்தப் பாடலை ஆல்பத்திலிருந்து எடுத்துவிட்டார். 8 ஆண்டுகள் கழிந்தன. 2000இல் அதே ஐஸ்-டி ஒரு தொலைக்காட்சித் தொடரில் நியூயார்க் போலீஸ் துப்பறிவாளராக நடிக்க வந்தார். 20 ஆண்டுகளைத் தாண்டியும் அந்த வேடத்தை அவர் கலைக்கவில்லை.

பார்ப்பவர்கள் ‘ஆளே மாறிவிட்டார்’ என்பார்கள். இசை உலகில் இப்படிப்பட்ட திருப்பங்களை ‘மறு அவதாரம்’ என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. பாடகர் நடிகராகிறார், இயக்குநராகிறார், வானொலித் தொகுப்பாளராகிறார், தொழிலதிபராகிறார். இதைப் புதிதாகக் கவனிக்கத் தொடங்கும் ஒருவருக்கு இரண்டு கேள்விகள் எழும். இவர்கள் ஏன் மாறுகிறார்கள்? எப்படி முடிகிறது? இரண்டாவது கேள்விதான் சுவையானது. ஏனென்றால் அருகில் போய்ப் பார்த்தால், வெற்றி பெற்றவர்களில் பெரும்பாலோர் அப்படியொன்றும் மாறவில்லை. கடைதான் மாறியிருக்கிறது, சரக்கு பழையதுதான்.

முதலில் மெட்டல் பற்றி இரண்டு வார்த்தை. எலெக்ட்ரிக் கிதாரின் ஒலியை வேண்டுமென்றே சிதைத்து, கனமாக்கி, அதன் மேல் இடி போன்ற டிரம்ஸையும் ஓங்கிய குரலையும் ஏற்றினால் ஹெவி மெட்டல். இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரத்துக் குழுவான பிளாக் சாபத் 1970 பிப்ரவரியில் வெளியிட்ட முதல் ஆல்பத்தைத்தான் பலரும் இதன் தொடக்கமாகச் சொல்கிறார்கள். ஆனால் மெட்டல் வெறும் ஒலி மட்டும் என்று நினைத்தால் இந்தக் கதை புரியாது. ஆரம்பத்திலிருந்தே அது கண்ணுக்குமான கலை. அந்தக் குழு தன் பெயரையே ஒரு திகில் படத்திலிருந்துதான் எடுத்துக்கொண்டது. ராக் பாடகர் ஆலிஸ் கூப்பர் மேடையில் தன் தலையைக் கில்லட்டின் என்ற தலைவெட்டும் எந்திரத்தில் வெட்டுவதுபோல் காட்டினார். கிஸ் குழுவினர் முகம் முழுக்கக் கறுப்பு வெள்ளை ஒப்பனை பூசிக்கொண்டு, நெருப்புக்கும் புகைக்கும் நடுவே பாடினார்கள். 1977இல் மார்வெல் நிறுவனம் கிஸ் குழுவை நாயகர்களாக வைத்து ஒரு காமிக்ஸ் வெளியிட்டது. அச்சுக்கான சிவப்பு மையில் நான்கு உறுப்பினர்களின் ரத்தமும் கலக்கப்பட்டது, விளம்பரத்துக்காகத்தான். இசைக்குழு ஒன்று பொம்மையாக, காமிக்ஸாக, முகமூடியாக விற்க முடியும் என்பதை அந்தக் குழு அன்றே கண்டுகொண்டிருந்தது.

ஏன் மாறுகிறார்கள் என்ற கேள்வியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். மூன்று காரணங்கள் கண்ணுக்கு நேராகத் தெரிகின்றன. ஒன்று, ரசனை மாறுகிறது. 1991இல் நிர்வாணா குழுவின் ஆல்பம் பெரும் வெற்றி பெற்றதும், அதுவரை எம்டிவி என்ற இசைத் தொலைக்காட்சியில் கோலோச்சிய, தலைமுடியைப் புஸுபுஸுவென்று வளர்த்த மெட்டல் குழுக்கள் ஓரிரு ஆண்டுகளில் திரையிலிருந்தே காணாமல் போயின. இரண்டு, பணம். 1999இல் இணையத்தில் பாடல்களைப் பகிர்ந்துகொள்ளும் நாப்ஸ்டர் வந்த பிறகு பாடல்களை இலவசமாக இறக்கிக்கொள்ளும் பழக்கம் பரவ, இசைத்தட்டு விற்பனை சரியத் தொடங்கியது. மூன்று, உடம்பு. இது மற்ற இசைக்காரர்களுக்கும் உண்டு என்றாலும் மெட்டலில் கொஞ்சம் அதிகம். தலையை வெறித்தனமாக ஆட்டுவது இந்த இசையின் அடையாளம். ஸ்லேயர் குழுவின் பாடகர் டாம் அராயாவுக்கு 2010இல் கழுத்து எலும்பில் அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டியிருந்தது. அதன்பிறகு அவர் மேடையில் தலையாட்டுவதை நிறுத்திக்கொண்டார்.

இந்தக் காரணங்கள் எல்லோருக்கும் பொது. ஆனாலும் சிலரால் மட்டுமே இன்னொரு துறையில் காலூன்ற முடிகிறது. ஏன் என்று பார்க்க ராப் ஸாம்பியைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

1965இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஹேவரில் என்ற ஊரில் பிறந்த ராபர்ட் கம்மிங்ஸ்தான் பின்னாளில் சட்டப்படியே ராப் ஸாம்பி என்று பெயரை மாற்றிக்கொண்டவர். பெற்றோர் ஊர் ஊராகப் போகும் கார்னிவல் வேலையில் இருந்தவர்கள். பையனுக்குப் பழைய திகில் படங்களும் தொலைக்காட்சியும்தான் உலகம். நியூயார்க்குக்குப் போய் பார்சன்ஸ் வடிவமைப்புக் கல்லூரியில் சேர்ந்தார். குழந்தைகளுக்கான தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் தயாரிப்பு உதவியாளராகவும் வேலை பார்த்தார். 1985இல் ஷான் இசோல்ட் என்ற பெண்ணுடன் சேர்ந்து ஒரு குழுவைத் தொடங்கினார். பெயர் வைட் ஸாம்பி. அதுவும் 1932இல் பேலா லுகோசி நடித்து வெளிவந்த ஒரு திகில் படத்தின் பெயர்தான்.

இங்கே சற்று நிற்க வேண்டும். பாடகராவதற்கு முன்பே இந்த மனிதரிடம் என்னென்ன இருந்தன என்று எண்ணிப் பாருங்கள். வரையத் தெரியும். படப்பிடிப்புத் தளம் எப்படி இயங்கும் என்று தெரியும். பழைய பேய்ப் படங்கள் மனப்பாடம். சங்கீதம் மட்டும்தான் அவர் பிறகு கற்றுக்கொண்டது! குழுவின் பெயரும் புகழும் வருவதற்குள் ஏறக்குறைய 8 ஆண்டுகள் ஓடிவிட்டன. அந்தக் காலத்தில் ஆல்பம் அட்டை, சுவரொட்டி, டி-ஷர்ட் என்று கண்ணில் படும் எதையும் அவர் பிறரிடம் விடவில்லை. கையில் காசில்லாத குழுவில் ஒருவரே பத்து வேலை பார்ப்பது சகஜம். ஆனால் காசு வந்த பிறகும் இவர் அந்த வேலைகளைக் கைவிடவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டிய இடம்.

1992இல் கெஃபென் நிறுவனம் வெளியிட்ட ஆல்பம் முதலில் பெரிதாக ஓடவில்லை. அடுத்த ஆண்டு எம்டிவியில் பீவிஸ், பட்ஹெட் என்ற இரண்டு அசட்டுப் பையன்கள் சோபாவில் உட்கார்ந்து மியூசிக் வீடியோக்களைக் கிண்டல் செய்யும் கார்ட்டூன் தொடர் வந்தது. அந்தப் பையன்களுக்கு வைட் ஸாம்பியின் பாடல் பிடித்துப்போனது. அவ்வளவுதான், ஆல்பம் பறந்தது. அமெரிக்காவில் மட்டும் 20 லட்சம் பிரதிகளைத் தாண்டியது. 1996இல் அந்தக் கார்ட்டூன் முழுநீளப் படமானபோது, அதில் பாலைவனத்தில் பையன்களுக்கு வரும் மனமயக்கக் காட்சியை வடிவமைத்துக் கொடுத்தவர் ராப் ஸாம்பி. பாட்டைப் பிரபலமாக்கிய கார்ட்டூனுக்கே பாடகர் ஓவியராகத் திரும்பிப் போனார். மறு அவதாரம் என்று யாரும் அப்போது எழுதவில்லை. ஆனால் விஷயம் அங்கேயே தொடங்கிவிட்டது.

அடுத்தது மியூசிக் வீடியோ. 1981இல் எம்டிவி தொடங்கியதிலிருந்து ஒவ்வொரு குழுவுக்கும் பாடலோடு நான்கு நிமிடப் படமும் தேவைப்பட்டது. வழக்கமாக இசை நிறுவனம் ஓர் இயக்குநரை அமர்த்தும், குழு வந்து வாயசைத்துவிட்டுப் போகும். ராப் ஸாம்பி தானே கேமராவுக்குப் பின்னால் போய் நின்றார். 1995இல் அவர் இயக்கிய ஒரு வீடியோ, சிறந்த ஹார்ட் ராக் வீடியோவுக்கான எம்டிவி விருதைப் பெற்றது. நான்கு நிமிடப் படத்தை இயக்குபவருக்கும் ஒளியமைப்பு, ஒப்பனை, படத்தொகுப்பு, பட்ஜெட், நேரம் என்று எல்லாத் தலைவலியும் உண்டு. எந்தத் திரைப்படப் பள்ளியிலும் கிடைக்காத ஒன்று கூடுதலாக அவருக்குக் கிடைத்தது. செலவை இசை நிறுவனம் ஏற்றுக்கொண்டது, தவறினால் இழப்பும் சிறியது.

1998இல் வைட் ஸாம்பி கலைந்தது. அதே ஆண்டு வந்த அவருடைய முதல் தனி ஆல்பம் 30 லட்சம் பிரதிகள் விற்றது. அதில் மிகப் பிரபலமான பாடலின் பெயர் ‘டிராகுலா’. ரத்தக்காட்டேரியின் பெயர் என்றுதான் கேட்பவர்கள் நினைப்பார்கள். உண்மையில் அது 1964 முதல் 1966 வரை ஓடிய ‘தி மன்ஸ்டர்ஸ்’ என்ற நகைச்சுவைத் தொடரில் பேய்க் குடும்பத்தின் தாத்தா ஓட்டும் காரின் பெயர். சவப்பெட்டியை உடலாக வைத்துச் செய்த பந்தயக் கார் அது. சிறுவயதில் பார்த்த தொலைக்காட்சிக் கார் ஒன்று, 30 ஆண்டுகள் கழித்து மெட்டல் பாடலானது.

திரைப்படத்துக்கான கதவு திறந்தது கச்சேரி மேடையில் அல்ல. ஹாலிவுட்டின் யுனிவர்சல் ஸ்டூடியோவில் ஹாலோவீன் சமயத்தில் பார்வையாளர்கள் நடந்து போகும் பேய் வீடுகளை அமைப்பார்கள். 1999இல் அப்படி ஒன்றை வடிவமைக்க ராப் ஸாம்பியை அழைத்தார்கள். அது நன்றாகப் போக, அந்தப் பழக்கத்தில் ஒரு திகில் படக் கதையைச் சொன்னார், ஸ்டூடியோ ஒப்புக்கொண்டது. 2000இல் படப்பிடிப்பு முடிந்தது. ‘ஹவுஸ் ஆஃப் 1000 கார்ப்சஸ்’ என்ற அந்தப் படத்தைப் பார்த்த ஸ்டூடியோ நிர்வாகம் அரண்டுபோனது. 17 வயதுக்கு உட்பட்டவர்கள் பார்க்கவே கூடாது என்ற சான்றுதான் கிடைக்கும் என்று பயந்து, வெளியிட மறுத்துவிட்டது. அமெரிக்காவில் அந்தச் சான்று பெற்ற படத்துக்குத் திரையரங்கும் விளம்பரமும் கிடைப்பது கடினம். ராப் ஸாம்பி படத்தின் உரிமையைத் தானே திரும்ப வாங்கினார். எம்ஜிஎம் நிறுவனம் வெளியிடுவதாகச் சொல்லிப் பின்வாங்கியது. கடைசியாக லயன்ஸ் கேட் கைகொடுக்க, 2003 ஏப்ரல் 11 அன்று படம் திரைக்கு வந்தது. ஏறக்குறைய 70 லட்சம் டாலரில் எடுத்த படம், அதைவிட இருமடங்குக்கு மேல் வசூலித்தது. விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள் என்பது வேறு விஷயம்.

இந்த இடத்தில் இசைத் துறைக்கும் திரைத்துறைக்கும் உள்ள வேறுபாடு தெளிவாகத் தெரிகிறது. இசைக்குழுவுக்குக் கச்சேரி இருக்கிறது. நிறுவனம் ஆல்பத்தைக் கிடப்பில் போட்டாலும் மேடையேறிப் பாடலாம், டி-ஷர்ட் விற்கலாம். எடுத்து முடித்த படம் பெட்டிக்குள் கிடந்தால் இயக்குநருக்கு வேறு மேடை கிடையாது. புதிய துறைக்குப் போகும் இசைக்காரர்கள் பலர் முதலில் அடிபடுவது இங்கேதான். தங்கள் உலகில் ராஜாவாக இருந்தவர்கள், இன்னொருவரின் சம்மதத்துக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்க நேர்கிறது. ராப் ஸாம்பி அந்தக் காத்திருப்புக் காலத்தில் 2001இல் அடுத்த ஆல்பத்தை வெளியிட்டார். பழைய தொழிலை விட்டுவிடாமல் புதிய தொழிலுக்குப் போனது அவருக்குச் சோறு போட்டது.

பிறகு 2005இல் இரண்டாம் படம். முதல் படத்தைவிடப் பன்மடங்கு தேர்ச்சியானது என்று விமர்சகர்களில் சிலர்கூட ஒப்புக்கொண்டார்கள். 2007இல் ஜான் கார்ப்பென்டர் 1978இல் எடுத்த ‘ஹாலோவீன்’ படத்தின் மறுஆக்கம். உலகம் முழுவதும் ஏறக்குறைய 8 கோடி டாலர் வசூல். மூலப் படத்தின் ரசிகர்கள் இன்றும் அதை நினைத்துப் பல்லைக் கடிக்கிறார்கள். கச்சேரிகளில் அவருடன் நடனமாடிய, பின்பு அவர் மணந்துகொண்ட ஷெரி மூன், அவருடைய எல்லாப் படங்களிலும் நடிக்கிறார். 2016இல் வந்த ‘31’ படத்துக்கு ரசிகர்களிடமே பணம் திரட்டினார். பல ஆண்டுகளாக அவருடைய டி-ஷர்ட்டை வாங்கியவர்கள் இப்போது அவருடைய படத்தைத் தயாரிக்கப் பணம் கொடுத்தார்கள்.

ஆக, துறை தாண்டும்போது கூடவே வருவது எது? என் கணிப்பில் மேடைக்குப் பின்னால் கற்ற கைவேலைதான் முதன்மையானது. புகழ் அதற்கு அடுத்ததுதான். பெயர் இருந்தால் ஒரு ஸ்டூடியோ அதிகாரி தேநீர் கொடுத்துப் பத்து நிமிடம் கேட்பார். இரண்டாவது படம் வேண்டுமென்றால் படம் எடுக்கத் தெரிந்திருக்க வேண்டும். இதற்கு மறுபக்க எடுத்துக்காட்டும் இருக்கிறது. மிஸ்ஃபிட்ஸ் குழுவில் பாடிப் புகழ்பெற்ற கிளென் டான்ஸிக், திகில் உலகத்தில் ராப் ஸாம்பிக்குக் குறையாமல் ஊறியவர், 1990களிலிருந்தே சொந்தமாகக் காமிக்ஸ் நிறுவனம் நடத்தியவர். 2019இல் அவர் இயக்கிய முதல் படம் திரையிடப்பட்டபோது, பயப்பட வேண்டிய இடங்களில் பார்வையாளர்கள் சிரித்தார்கள். ரசனையும் ரசிகர்களும் இருவருக்கும் சமமாகத்தான் இருந்தன. படப்பிடிப்புத் தளத்தில் செலவிட்ட ஆண்டுகள் சமமாக இல்லை.

ஆனால் இந்த விதிக்கு வெளியே ஒருவர் நிற்கிறார், அவரைச் சொல்லாமல் விட்டால் என் வாதம் நேர்மையாக இருக்காது. ஓஸி ஆஸ்போர்ன். பிளாக் சாபத்தின் பாடகர், 1979இல் அந்தக் குழுவிலிருந்து வெளியேற்றப்பட்டவர். 1982இல் அமெரிக்காவின் டெ மாய்ன் நகரக் கச்சேரியில் ரசிகர் எறிந்த வௌவாலை ரப்பர் என்று நினைத்துக் கடித்துவைத்தவர். இவர் ராப் ஸாம்பியைப்போல் கேமராவையோ ஓவியத்தையோ தொழிலாகக் கற்றவர் அல்ல. ஆனால் மனைவியும் மேலாளருமான ஷாரன் இருந்தார். லாலபலூசா இசைவிழாவில் ஓஸிக்கு இடம் கேட்டுப் போனபோது, காலம் கடந்தவர் என்று தட்டிக்கழித்தார்கள் என்பது ஷாரன் பலமுறை சொன்ன கதை. 1996இல் ஓஸிஃபெஸ்ட் என்ற சொந்த இசைவிழாவையே தொடங்கிவிட்டார்! பிறகு பல இளம் மெட்டல் குழுக்கள் வளர்ந்ததே அந்த மேடையில்தான். 2002 மார்ச்சில் அவர்களுடைய வீட்டுக்குள் கேமராவை விட்டது எம்டிவி. ‘தி ஆஸ்போர்ன்ஸ்’ நிகழ்ச்சியில் மக்கள் கண்டது, தொலைக்காட்சி ரிமோட்டை இயக்கத் தெரியாமல் திண்டாடும், நாய்கள் வீட்டை அசிங்கம் செய்வதைப் பார்த்துப் புலம்பும் ஒரு தகப்பனை. இருளின் இளவரசன் என்று 20 ஆண்டுகள் பயமுறுத்திய பிம்பம் இல்லாவிட்டால் அந்தக் காட்சியில் சிரிக்க என்ன இருக்கிறது? பழைய சரக்கைத் தலைகீழாகத் திருப்பி விற்றார்கள். அந்த ஆண்டே தொலைக்காட்சிக்கான எம்மி விருது கிடைத்தது. வெள்ளை மாளிகைச் செய்தியாளர்களின் விருந்துக்கு ஓஸி அழைக்கப்பட்டார். அதிபர் மேடையிலிருந்தே அவரைப் பெயர் சொல்லி, என் அம்மாவுக்கு உங்கள் பாடல்கள் ரொம்பப் பிடிக்கும் என்று கேலி பேசினார். அந்த அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ். 10 ஆண்டுகளுக்கு முன் ஐஸ்-டியைக் கண்டித்தவருடைய மகன்.

ஐஸ்-டியின் கதையும் முதலில் தோன்றுவதுபோல் அவ்வளவு முரணானதல்ல. சர்ச்சைப் பாடலுக்கு முந்தைய ஆண்டே, 1991இல், ‘நியூ ஜாக் சிட்டி’ படத்தில் அவர் போலீஸ்காரராக நடித்திருந்தார். தெருவை நன்கறிந்த, சுருக்கமாகப் பேசும், யாருக்கும் வளைந்துகொடுக்காத ஒருவர். பாட்டிலும் அதே குரல், தொடரிலும் அதே குரல். 2021இல் பாடி கவுன்ட் குழு சிறந்த மெட்டல் நிகழ்த்துகைக்கான கிராமி விருதை வென்றபோதும் அவர் தொடரில் துப்பறிந்துகொண்டுதான் இருந்தார்.

எல்லா மாற்றத்தையும் இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பதற்கும் ஓர் ஆளைக் காட்டலாம். அயர்ன் மெய்டன் குழுவின் பாடகர் புரூஸ் டிக்கின்சன், அஸ்ட்ரேயஸ் என்ற விமான நிறுவனத்தில் விமானியாக வேலை பார்த்தவர். 2008 உலகச் சுற்றுப்பயணத்தில் குழுவையும் சாமான்களையும் போயிங் 757 விமானத்தில் ஏற்றித் தானே ஓட்டிச் சென்றார். வியக்கத்தக்க செய்திதான், ஆனால் இதை மறு அவதாரம் என்று நான் சொல்ல மாட்டேன். சாதாரணப் பயணிகள் விமானத்தில், முன்னால் உட்கார்ந்திருப்பவர் யார் என்று பயணிகளுக்குத் தெரிய வேண்டியதே இல்லை. பாடகர் என்ற பெயர் அங்கே ஓர் அங்குலம்கூட உதவாது. அது இன்னொரு வாழ்க்கை. மாறாக, மந்திர தந்திரங்களில் மூழ்கிய அலிஸ்டர் குரோலியைப் பற்றிய ஒரு படத்துக்கு அதே 2008இல் அவர் இணைந்து எழுதிய திரைக்கதை, அவருடைய பாடல்களின் உலகத்திலிருந்தே வந்தது. அதை வேண்டுமானால் கணக்கில் சேர்க்கலாம்.

ராப் ஸாம்பியிடம் முடிப்போம். ரத்தமும் கோரமுமாக ஏழு படங்கள் எடுத்த பிறகு, 2022இல் அவர் ‘தி மன்ஸ்டர்ஸ்’ தொடரைப் படமாக எடுத்தார். ஹங்கேரியின் புடாபெஸ்ட்டில் அந்தப் பழைய பேய்த் தெருவையே செட் போட்டு எழுப்பினார். ஒரு துளி ரத்தம் கிடையாது, பெற்றோர் துணையோடு குழந்தைகள் பார்க்கலாம் என்ற சான்று. திகில் ரசிகர்கள் முகம் சுளித்தார்கள், விமர்சகர்களுக்கும் பெரிய உற்சாகமில்லை. குழந்தைப் படத்துக்கு மாறிவிட்டார், இன்னொரு அவதாரம் என்று எழுதியவர்கள் உண்டு. 1998 பாடலின் பெயர் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தவர்களுக்கு அதில் புதுமை எதுவும் தெரிந்திருக்காது. படம் செப்டம்பர் 27 அன்று வெளியானது. அதற்கு முந்தைய ஜூலையிலும் ஆகஸ்ட்டிலும் அவர் மட்வெய்ன் குழுவோடு சேர்ந்து அமெரிக்கா முழுவதும் கச்சேரி செய்துகொண்டிருந்தார்.